சன்னல் துடைக்க வருபவர்

படிக்கும் முன்

உங்கள் வீட்டுச் சன்னல்களைத் துடைப்பவர் யார்? அந்த வேலையின்போது அவருக்குக் காயம் ஏற்பட்டால், அதற்கான செலவை யார் ஏற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் விடையை ஒரு வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் படித்து முடித்த பிறகு அதை மீண்டும் பாருங்கள்.

1. நான்கு சொடுக்குகள்

தீபாவளி நெருங்கும்போது சிங்கப்பூரின் பல அடுக்குமாடி வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போடுவார்கள். அப்போதுதான் சன்னல் கண்ணாடியின் உண்மை நிலை தெரியவரும். மழைநீர் காய்ந்த தடம், சாலைப் புழுதி, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் காலை வெயிலில் பளிச்சென்று தெரியும். வீட்டில் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள் என்றால், அதைத் துடைக்க நேரம் கிடைப்பது கடினம்.

முன்பெல்லாம் இத்தகைய வேலைக்கு ஆள் தேட வேண்டும் என்றால், அண்டை வீட்டாரிடம் கேட்பார்கள். இல்லையென்றால் மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் விளம்பரத் தாளைப் பார்ப்பார்கள். இன்று திறன்பேசி போதும். செயலியைத் திறக்க வேண்டும். வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். கட்டணத்தைச் செலுத்த வேண்டும். நான்கு சொடுக்குகளில் வேலை முடிந்துவிடும். குறித்த நேரத்தில் ஒருவர் வாளியோடு வாசலில் வந்து நிற்பார். இதைத்தான் தேவைக்கேற்ற முன்பதிவுச் சேவை என்கிறோம்.

வாடிக்கையாளருக்கு இது பெரிய வசதி. ஆனால், வாசலில் வந்து நிற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதே சேவை எப்படித் தோன்றும்? அதை அறிந்துகொள்ள ஒரு நேர்காணலைப் பார்ப்போம். இதில் வரும் மாந்தர்களும் அவர்களுடைய வரவு செலவும் கற்பனை. இதில் வரும் சட்டங்களும் விதிமுறைகளும் உண்மையானவை.

2. கீழ்த்தளத்தில் ஒரு நேர்காணல்

உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவிக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். நம்மைச் சுற்றி உழைப்போரில் ஒருவரை அவள் நேர்காணல் செய்ய வேண்டும். அவள் தன் சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். அவர் பல ஆண்டுகள் ஒரு துப்புரவு நிறுவனத்தில் ஊழியராக இருந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது ஒரு முன்பதிவுத் தளத்தின் வழியாக வீடுகளுக்குச் சென்று சன்னல் துடைக்கிறார்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. தோ பாயோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கல் இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். அருகில் மடக்கு ஏணி, வாளி, துணிகள், ரப்பர் பட்டை பொருத்திய துடைப்பான், நீளமான கைப்பிடி ஆகியவை இருந்தன.

“இந்த நேரத்தில் உங்களுக்கு வேலை இருக்கும் என்று சொன்னீர்களே, சித்தப்பா?” என்று கேட்டபடியே அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

“இருந்தது அம்மாடி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்துவிட்டார்கள். விருந்தினர் வருகிறார்களாம். அதனால்தான் உனக்கு நேரம் கிடைத்தது” என்று சிரித்தார் சித்தப்பா.

அவள் தயாரித்து வந்த முதல் கேள்வி, “இந்த வேலையில் உங்களுக்குப் பிடித்தது என்ன?” என்பதுதான்.

அவர் சற்று யோசித்தார். “கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரே சீராக வழித்துக்கொண்டு வரும்போது, அழுக்குத் தண்ணீர் போய் வானம் தெரியும் பார், அது பிடிக்கும். இதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு முறை வழித்த பிறகும் ரப்பர் விளிம்பைத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியில் கோடு விழும். வெயில் நேராக அடிக்கும் சன்னலை அந்த நேரத்தில் துடைக்கக் கூடாது. சோப்பு நீர் உடனே காய்ந்து கறையாகிவிடும். அதனால் காலையில் மேற்குப் பக்கச் சன்னல், மாலையில் கிழக்குப் பக்கச் சன்னல் என்று திட்டமிடுவேன்.”

“நேரமும் என் கையில் இருக்கிறது” என்று அவர் தொடர்ந்தார். “புதன்கிழமை உன் பாட்டியை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றால், அன்று வேலை எடுக்க மாட்டேன். யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை. கடை வைக்காமல், விளம்பரம் செய்யாமல் வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்கள். இவையெல்லாம் செயலியால் வந்த நன்மைகள். அதை மறுக்க முடியாது.”

3. தொண்ணூறு வெள்ளியின் கணக்கு

“ஒரு வீட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?” என்று கேட்டாள் மாணவி.

“வழக்கமாகத் தொண்ணூறு வெள்ளி.”

“ஒன்றரை மணி நேரத்துக்குத் தொண்ணூறு வெள்ளியா!” அவள் கண்கள் விரிந்தன.

“எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். குறிப்பேட்டை இப்படிக் கொடு” என்று வாங்கி, அவரே கணக்கை எழுதினார்.

அன்று அவருக்கு நான்கு முன்பதிவுகள் இருந்தன. ஒன்று ரத்தானதால் மூன்று வீடுகளின் கட்டணம் மட்டுமே கிடைக்கும். மூன்று தொண்ணூறு 270 வெள்ளி. அதில் 20 விழுக்காட்டை, அதாவது 54 வெள்ளியைத் தளம் தன் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். மீதி 216 வெள்ளி. பேருந்துக்கும் பெருவிரைவு ரயிலுக்கும் 6 வெள்ளி. சோப்பு நீர், துணி, ரப்பர் பட்டை ஆகியவற்றின் தேய்மானத்துக்கு 10 வெள்ளி. கையில் நிற்பது 200 வெள்ளி.

“காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். மாலை ஆறரைக்குத்தான் திரும்புவேன். மொத்தம் பத்து மணி நேரம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரமும் இந்தக் கல் இருக்கையில் காத்திருக்கும் நேரமும் இதில் அடங்கும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?”

“இருபது வெள்ளி” என்றாள் அவள் மெதுவாக.

“அதுவும் சனிக்கிழமையில். திங்கட்கிழமை ஒரு வீடுதான் இருக்கும். சில செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றுமே இருக்காது.”

வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றரை மணி நேர வேலை. அந்த வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள பயணமும் காத்திருப்பும் அவருக்குத் தெரிவதில்லை. தொண்ணூறு வெள்ளி அதிகமா, குறைவா என்று முடிவு செய்வதற்கு முன் இந்த முழுக் கணக்கையும் பார்ப்பதே நியாயம்.

4. ஊழியரா, சுயதொழில் செய்பவரா?

சித்தப்பா முன்பு துப்புரவு நிறுவனத்தின் ஊழியர். இப்போது சுயதொழில் செய்பவர். இரண்டிலும் அவர் கையில் இருப்பது அதே வாளியும் அதே துடைப்பானும்தான். ஆனால், சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு நிலைகள்.

ஒருவர் ஊழியராக இருந்தால், முதலாளிக்கு அவர்மீது பல பொறுப்புகள் உண்டு. சிங்கப்பூரில் 55 வயதுக்கு மேற்படாத, மாதம் 750 வெள்ளிக்கு மேல் சம்பளம் பெறும் ஊழியருக்கு, முதலாளி பொதுவாக அவருடைய சம்பளத்தில் 17 விழுக்காட்டை மத்திய சேம நிதியில் செலுத்துகிறார். வேலைச் சட்டத்தின்கீழ் முதல் ஆண்டில் குறைந்தது ஏழு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. ஆறு மாதம் வேலை செய்த பிறகு, ஆண்டுக்கு 14 நாள் வரை சம்பளத்துடன் கூடிய வெளிநோயாளி மருத்துவ விடுப்பும் உண்டு. வேலையில் காயமடைந்தால் இழப்பீடு கோரலாம்.

சுயதொழில் செய்பவருக்கு முதலாளி என்று எவரும் இல்லை. வேலையை ஏற்பதும் மறுப்பதும் அவருடைய உரிமை. அதோடு, முதலாளி ஏற்க வேண்டிய பொறுப்புகளும் அவருடைய தோளுக்கே வந்துவிடுகின்றன. காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் இல்லை. ஏணியிலிருந்து விழுந்தால், ஊழியருக்குரிய வேலைக்காய இழப்பீட்டைக் கோர முடியாது. ஆண்டுக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் இருந்தால், அவரே தம் மெடிசேவ் கணக்கில் பணம் செலுத்த வேண்டும். முதுமைக்கான மற்றச் சேமிப்பும் அவருடைய பொறுப்புதான்.

முன்பதிவுச் சேவைகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சில நிறுவனங்கள் துப்புரவாளர்களைத் தம் ஊழியர்களாகவே வேலைக்கு வைத்துள்ளன. வேறு சில, வாடிக்கையாளரையும் சுயதொழில் செய்பவரையும் இணைத்துவைப்பதோடு நின்றுவிடுகின்றன. செயலியின் திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்.

5. மூன்று நட்சத்திரங்கள்

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் திறன்பேசி ஒலித்தது. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அதைக் குப்புற வைத்தார்.

“என்ன சித்தப்பா?”

“காலையில் போன வீட்டிலிருந்து மதிப்பீடு வந்திருக்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ‘வேலை முழுமையாக இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.”

“நீங்கள் அரைகுறையாக வேலை செய்ய மாட்டீர்களே!”

அவர் நடந்ததைச் சொன்னார். அந்த வீடு பதினோராம் மாடியில் இருந்தது. எல்லாச் சன்னல்களையும் துடைத்து முடித்துவிட்டார். சமையலறைச் சன்னலின் வெளிப்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் எட்டவில்லை. கம்பித் தடுப்பைப் பூட்டியபடியே நீளமான கைப்பிடியை உள்ளே நுழைத்துப் பார்த்தார், முடியவில்லை. வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டு, “தம்பி, கம்பியைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் வெளியே எட்டித் துடைத்துவிடுங்களேன். போன தடவை வந்தவர் அப்படித்தான் செய்தார்” என்று கேட்டுக்கொண்டார்.

“நான் முடியாது என்று சொன்னேன். ‘மன்னிக்க வேண்டும் ஐயா, அது ஆபத்து’ என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆனால், முகம் மாறிவிட்டது. இப்போது இந்த மூன்று நட்சத்திரம்.”

“மூன்று நட்சத்திரம் வந்தால் என்ன ஆகும்?”

“மதிப்பீடு குறைந்தால் என் பெயர் பட்டியலில் கீழே போய்விடும். அடுத்த வாரம் முன்பதிவு குறையலாம்.”

“அப்படியானால், நீங்கள் எட்டித் துடைத்திருந்தால்...” அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

“ஐந்து நட்சத்திரம் வந்திருக்கும். இல்லையென்றால் நீ இப்போது மருத்துவமனையில் இருந்திருப்பாய். இரண்டில் எது வரும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அந்த மூலை ஒரு சாண் அகலம் அம்மாடி. அதற்காக நான் என் உயிரைப் பணயம் வைக்க முடியுமா?”

சித்தப்பாவின் மறுப்பு வெறும் அச்சத்தால் வந்தது அன்று. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் செய்யும் வேலையை, ஆபத்துமிக்க உயரமான இட வேலை என்று சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு விதிமுறைகள் வகைப்படுத்துகின்றன. மூன்றாம் மாடிச் சன்னலே அந்த உயரத்தைத் தாண்டிவிடும். வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் சிலர் சன்னல் துடைக்கும்போது விழுந்து இறந்ததைத் தொடர்ந்து, மனிதவள அமைச்சு 2012 ஜூன் மாதத்தில் ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தது. தரைத்தளத்திலோ பொது நடைபாதையை ஒட்டியோ இல்லாத சன்னலின் வெளிப்பக்கத்தைப் பணிப்பெண் துடைக்க வேண்டுமானால், இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். சன்னலில் கம்பித் தடுப்பு பொருத்தி, துடைக்கும் நேரம் முழுவதும் அது பூட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரரோ அவர் சார்பில் வேறொரு பெரியவரோ அருகில் இருந்து கவனிக்க வேண்டும்.

அந்த விதிமுறை பணிப்பெண்களின் முதலாளிகளுக்காக எழுதப்பட்டது. ஆனால், கீழே விழும் உடல் பணிப்பெண்ணுடையதா, சுயதொழில் செய்பவருடையதா என்று புவியீர்ப்பு விசை பார்ப்பதில்லை. பணிப்பெண்ணிடம் கேட்கக் கூடாததை, செயலி வழியாக வந்தவரிடம் மட்டும் கேட்கலாமா?

6. சட்டம் வரைந்த கோடு

“செயலி வழியாக வேலை செய்பவர்களுக்குப் புதிய சட்டம் வந்திருப்பதாக ஆசிரியர் சொன்னாரே” என்று மாணவி நினைவுபடுத்தினாள்.

அவள் குறிப்பிட்டது இணையத்தள ஊழியர்கள் சட்டத்தை. நாடாளுமன்றம் அதை 2024 செப்டம்பரில் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. ஊழியர், சுயதொழில் செய்பவர் ஆகிய இரண்டு பிரிவுகளுக்கும் இடையில், இணையத்தள ஊழியர் என்னும் தனிப் பிரிவை அது உருவாக்கியது.

இந்தச் சட்டம் மூன்று வகைப் பாதுகாப்பை அளிக்கிறது. முதலாவது, வேலையில் காயமடைந்தால் ஊழியர்களுக்கு இணையான இழப்பீடு. இரண்டாவது, மத்திய சேம நிதிச் சந்தா. 1995 ஜனவரி 1ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குக் கூடுதல் சந்தா கட்டாயம்; அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் அதில் சேரலாம். நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தும். மூன்றாவது, தங்கள் சார்பில் பேச, சட்டம் அங்கீகரிக்கும் சங்கங்களை அமைத்துக்கொள்ளும் உரிமை.

ஆனால், இந்தப் பாதுகாப்பு பயணச் சேவையிலும் விநியோகச் சேவையிலும் ஈடுபடுவோருக்கே உரியது. வாடகை வாகனம் ஓட்டுபவர்களும் உணவோ பொருளோ கொண்டுசேர்ப்பவர்களும் இதில் அடங்குவர். இத்தகைய சேவைகளில் வேலையை ஒதுக்குவது, கட்டணத்தை முடிவு செய்வது போன்றவற்றில் நிறுவனத்தின் கட்டுப்பாடு அதிகம். அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற பொறுப்பும் நிறுவனத்துக்கு வேண்டும் என்பதே சட்டத்தின் அடிப்படை.

“அப்படியானால் சன்னல் துடைப்பவர்கள்?”

“நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம்” என்றார் சித்தப்பா. “உணவு கொண்டுவரும் தம்பி இதே மின்தூக்கியில்தான் என்னோடு வருகிறான். அவனுக்கு அடிபட்டால் இழப்பீடு உண்டு. எனக்கு அடிபட்டால் நான் வாங்கிவைத்த காப்புறுதிதான்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரமாகச் சொன்னார். தம்மைத் தாமே காத்துக்கொள்ள அவர் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் தனிநபர் விபத்துக் காப்புறுதிக்குப் பணம் ஒதுக்குகிறார். மெடிசேவ் சந்தாவுக்கென வேறொரு தொகையை எடுத்துவைக்கிறார். செயலிக்கு வெளியே நேரடியாகக் கிடைக்கும் வேலை என்றால், எத்தனை சன்னல், எவ்வளவு கட்டணம், எப்போது பணம் என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்கிக்கொள்கிறார்.

இந்தப் பழக்கம் மிகவும் நல்லது. சுயதொழில் செய்வோரிடம் வேலையை ஒப்படைக்கும்போது முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதை, 2018ஆம் ஆண்டில் வெளியான முத்தரப்புத் தரநிலையும் வலியுறுத்துகிறது. பேசிய கட்டணத்தைக் கொடுக்காமல் ஒருவர் ஏமாற்றினால், சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கும். எழுத்து வடிவிலான சான்று அங்கே கைகொடுக்கும்.

7. நம் பங்கு என்ன?

வாடிக்கையாளர்கள் நினைத்தால் சட்டத்தை மாற்றிவிட முடியாது. ஆனால், சன்னல் துடைக்க வருபவர் சுமக்கும் பாரத்தில் ஒரு பகுதியைக் குறைக்க அவர்களால் முடியும். சித்தப்பா சொன்னவற்றை மாணவி தன் குறிப்பேட்டில் இவ்வாறு வரிசைப்படுத்தினாள்:

• முன்பதிவு செய்யும்போது சன்னல்களின் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்ல வேண்டும். எட்டு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டைக் காட்டக் கூடாது.

• ரத்து செய்ய நேர்ந்தால், முதல் நாளே தெரிவிக்க வேண்டும். அவர் வேறு வேலையை ஏற்க முடியும்.

• அவர் வருவதற்கு முன்பே சன்னலோரத்தில் உள்ள செடித் தொட்டிகளையும் பொருள்களையும் அகற்றிவிட வேண்டும்.

• கம்பித் தடுப்பு பூட்டியிருக்க வேண்டும். எட்டாத இடத்தைத் துடைக்குமாறு வற்புறுத்தக் கூடாது.

• வேலையின் தரத்துக்கு மதிப்பீடு வழங்க வேண்டும். ஆபத்தான வேலையை மறுத்ததற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

பட்டியலின் கடைசியில் சித்தப்பா இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். சன்னல் துடைப்பவர் சில சமயம் வீட்டுக்காரர் கவனிக்காததையும் கவனிப்பார். வெளிப்பக்கமாகத் திறக்கும் கீல் சன்னல்களில் உள்ள அலுமினிய ரிவெட் ஆணிகளை அகற்றிவிட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்த வேண்டும் என்பது 2004 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள விதி. அலுமினிய ஆணி நாளடைவில் அரித்துப்போகும். அப்போது சன்னலே பெயர்ந்து கீழே விழக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சன்னல்களைச் சோதிக்குமாறு கட்டட, கட்டுமான ஆணையம் வீட்டு உரிமையாளர்களுக்கு ஆலோசனை கூறுகிறது.

“ஆணி அரித்திருப்பதைக் கண்டால் நான் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. செயலியில் அதற்கு நட்சத்திரமும் இல்லை” என்றார் அவர்.

8. சாவி

மணி நான்கே காலானது. சித்தப்பா எழுந்து ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கடைசியாக ஒரு கேள்வி, சித்தப்பா. மறுபடியும் யாராவது கம்பியைத் திறந்து எட்டச் சொன்னால்?”

“மறுபடியும் முடியாது என்பேன். எனக்கு முதலாளி நான்தானே? முதலாளி தம் ஊழியரைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?” என்று சொல்லிவிட்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார்.

அன்று மாலை வீடு திரும்பிய மாணவி, முதலில் சமையலறைக்குச் சென்றாள். அவர்கள் வீடு ஒன்பதாம் மாடியில் உள்ளது. சன்னலின் கம்பித் தடுப்பு பூட்டப்படாமல் பாதி திறந்திருந்தது. தூசி படிந்த பூட்டு ஓரத்தில் தொங்கியது.

“அம்மா, இதன் சாவி எங்கே?”

“தெரியவில்லையே. அதைப் பூட்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எதற்கு அது?”

அவள் ஒவ்வோர் இழுப்பறையாகத் தேடினாள். பழைய மின்கலங்களுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அடியில் சாவி கிடைத்தது. சற்றுத் துருப்பிடித்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பிப் பார்த்தாள், பூட்டு இறுகியது. சன்னலுக்கு அருகே, எல்லாருடைய கண்ணிலும் படும் இடத்தில், ஓர் ஆணியில் சாவியை மாட்டினாள்.

பிறகு குறிப்பேட்டைத் திறந்தாள். நேர்காணலுக்குத் தலைப்பிடும் இடம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. முன்பே யோசித்துவைத்திருந்த ‘துப்புரவாளரின் ஒரு நாள்’ என்ற தலைப்பை விட்டுவிட்டு, ‘சன்னல் துடைக்க வருபவர்’ என்று எழுதினாள்.

அருஞ்சொற்பொருள்

முன்பதிவு – ஒரு சேவையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது
தேய்மானம் – பயன்படுத்துவதால் பொருளுக்கு ஏற்படும் குறைவு
நிகர வருமானம் – செலவுகளைக் கழித்த பின் மிஞ்சும் வருமானம்
இழப்பீடு – காயத்துக்கோ நட்டத்துக்கோ ஈடாக வழங்கப்படும் தொகை
சந்தா – ஒரு நிதிக்குத் தவறாமல் செலுத்தும் தொகை
காப்புறுதி – விபத்து, நோய் போன்றவற்றின்போது உதவும் பணப் பாதுகாப்பு ஏற்பாடு
பணயம் வைத்தல் – இழக்க நேரிடும் என்று தெரிந்தும் ஒன்றை ஈடாக வைத்தல்
முத்தரப்பு – அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்று தரப்பும் இணைந்தது

சிந்தித்து விடையளிக்க

1. சித்தப்பாவுக்கு முன்பதிவுத் தளத்தால் கிடைத்த நன்மைகள் இரண்டைக் கூறுக.

2. “ஒன்றரை மணி நேரத்துக்குத் தொண்ணூறு வெள்ளியா!” என்று வியந்த மாணவி, பிறகு “இருபது வெள்ளி” என்று மெதுவாகக் கூறியது ஏன்?

3. நான்காவது முன்பதிவு ரத்தாகாமல் இருந்திருந்தால், மற்றச் செலவுகள் மாறாத நிலையில், அன்று சித்தப்பாவின் கையில் எவ்வளவு நின்றிருக்கும்? கணக்கிடுக.

4. இணையத்தள ஊழியர்கள் சட்டம் வீட்டுச் சேவை செய்வோருக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டுமா? வாடிக்கையாளர், முன்பதிவு நிறுவனம், சுயதொழில் செய்பவர் ஆகிய மூவரின் கோணத்திலிருந்தும் குழுவில் கலந்துரையாடுக.

5. மாணவி சாவியைத் தேடி எடுத்து மாட்டியதன் மூலம் அவளுடைய மனத்தில் ஏற்பட்ட மாற்றத்தை எவ்வாறு உணர்கிறீர்கள்? 80 சொற்களில் எழுதுக.

6. படிப்பதற்கு முன் நீங்கள் எழுதிவைத்த விடையை இப்போது மீண்டும் படியுங்கள். அதில் எதையேனும் மாற்றுவீர்களா? காரணத்துடன் விளக்குக.